பாதி சுருட்டிய வலை

இப்போதெல்லாம் மழை வருகிறதா என்று பார்க்க யாரும் வாசலுக்கு வருவதில்லை. கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு போனைத் தேய்க்கிறார்கள். தேய்த்துப் பார்த்துவிட்டு, "வெளியே தூறுதாம்" என்கிறார்கள். தூறுகிறது என்றுகூட இல்லை, தூறுதாம். தன் வீட்டு ஓட்டில் விழுகிற சொட்டை எங்கேயோ உட்கார்ந்திருக்கும் எவனோ ஒருவன் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நல்ல காது இருக்கிறது, கண் இருக்கிறது, கதவும் திறந்துதான் கிடக்கிறது. ஆனாலும் போன் சொன்னால்தான் மழை.

தீர்த்தகிரி இப்படித்தான் நினைத்தார். நினைத்ததை வாய்விட்டும் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைக் கேட்க வீட்டில் இருந்தது அவர் மனைவி மாதம்மாள் ஒருத்திதான். அவளும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பதுல இருந்து அறுவதுக்கு ஏறிடுச்சு," என்றாள்.

"என்னா அறுவது?"

"கல்லு மழ. காலைல நூத்துக்கு முப்பதுன்னு போட்டிருந்தாங்க. இப்ப அறுவது. மேகப் படத்துல ஆனேக்கல்லுக்கு மேற்கால பெருசா ஒண்ணு செவப்பா கட்டிக்கினு நிக்குது. நாலு மணிக்கு மேல இந்தப் பக்கம் திரும்பினாலும் திரும்புமாம்."

"திரும்பினாலும் திரும்பும்னா, திரும்பாம போனாலும் போவும். இத சொல்றதுக்கு ஒரு போனு, அதுக்கு மாசா மாசம் ஒரு ரீசார்ஜு."

மாதம்மாள் போனை மறுபடி தேய்த்தாள். நாற்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் எதற்குப் பதில் சொல்வது, எதை விட்டுவிடுவது என்று அவளுக்குத் தெரியும்.

தொரப்பள்ளியைத் தாண்டி உள்ளே போகிற மண்பாதையில் அவர்களுக்கு ஒரு ஏக்கர் நிலம். ஏக்கர் முழுக்கக் குடமிளகாய். வரிசையாகக் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, மேலே பச்சை நிழல்வலை கட்டியிருந்தார்கள். காய் கைக்கு அடங்காத அளவுக்குத் திரண்டுவிட்டது. செவ்வாய்க்கிழமை முதல் அறுப்பு. இந்த நேரத்தில் கல்மழை விழுந்தால் காயில் பள்ளம் விழும், பள்ளம் விழுந்த காய் நாலே நாளில் அழுகும். அதில் தீர்த்தகிரிக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் வலையைப் பற்றித்தான்.

வலை இருந்தால் கல்லைத் தாங்கும். ஆனால் கல் அதிகமாக விழுந்தால் வலையிலேயே தேங்கும். தேங்குகிற கனம் கம்பியை இழுக்கும், கம்பி தூணைச் சாய்க்கும், கடைசியில் தூணும் வலையும் ஐஸும் ஒன்றாகச் செடிமேல் உட்காரும். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கத்து நிலத்து முனீர் அகமதுக்கு அப்படித்தான் ஆனது. ஒரு செடி மிஞ்சவில்லை. அதே மழையில், கல் வருகிறது என்று பயந்து வலையைச் சுருட்டி வைத்த பாகலூர்க்காரர் ஒருவருக்கும் ஒரு செடி மிஞ்சவில்லை. வலை மட்டும் பத்திரமாக இருந்தது. ஆகக் கல் வருமா, வந்தால் என்ன அளவு, எத்தனை நேரம் என்று எல்லாம் தெரிந்தால்தான் வலையை விடுவதா சுருட்டுவதா என்று முடிவு செய்ய முடியும். சுருட்டுவதென்றால் மூன்று பேருக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். மணி இப்போது இரண்டாகிவிட்டது.

தீர்த்தகிரி எழுந்து வெளியே போய் வானத்தைப் பார்த்தார். மேற்கே கறுத்துக் கிடந்தது. கிழக்கே வெயில் அடித்தது. மேகம் மேற்கிலிருந்து வர வேண்டும், காற்றோ கிழக்கிலிருந்து வீசியது. எறும்பு எதையும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. மாடு வழக்கம்போல அசை போட்டது. எழுபத்தொரு வருஷமாக இந்த வானத்துக்குக் கீழேதான் இருக்கிறார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் விளங்கவில்லை என்பதை அவர் மாதம்மாளிடம் சொல்லவில்லை.

"என்னாங்க, என்னா சொல்லுது வானம்?" என்றாள் அவள், உள்ளேயிருந்து.

"அது பாட்டுக்கு இருக்குது."

மாதம்மாள் பார்த்துக்கொண்டிருந்தது 'எல்லை மழை' என்கிற வாட்ஸ்அப் குரூப். அதை ஆரம்பித்தவன் தீர்த்தகிரியின் தம்பி மகன் ஹரீஷ்குமார். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. வேலை முடிந்ததும் தூங்க மாட்டான், மேகம் பார்ப்பான். குரூப்பில் இருநூறு பேருக்கு மேல். எல்லைக்கு இந்தப் பக்கம் ஓசூர், பாகலூர், வேப்பனப்பள்ளி. அந்தப் பக்கம் அத்திப்பள்ளி, ஆனேக்கல். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் பேசிக்கொள்வார்கள். கல் விழுந்தால் அதன் அளவை வீட்டுச் சாமானை வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குள் ஒரு வழக்கம். துவரம்பருப்பு, கொண்டைக்கடலை, சுண்டைக்காய், நெல்லிக்காய். எலுமிச்சை என்று எவனாவது போட்டால் உடனே போட்டோ கேட்பார்கள். மகள் ரேவதி விட்டுப் போன பழைய போனில் மாதம்மாளும் போன வருஷம் இதில் சேர்ந்திருந்தாள். ஈசல் பறந்தால் எழுதுவாள். இருபது பேர் கும்பிடு போடுவார்கள்.

அப்போது போனில் ஒரு குரல் வந்தது. அத்திப்பள்ளியில் பஞ்சர் கடை வைத்திருக்கும் தௌசிப். தீர்த்தகிரி அவனை நேரில் பார்த்ததில்லை, குரல் மட்டும் தெரியும்.

"மச்சா, ஆனேக்கல்ல பருப்பு சைஸ் விழ ஆரம்பிச்சிடுச்சு. இல்ல இல்ல, கடலை சைஸ். எங்க கடைக்கு மேல வெறும் இருட்டு, ஒண்ணும் காணோம். ஓசூர்க்காரங்களுக்கு இன்னிக்கு யோகம் இருக்கு. நமக்கு எப்பவும் போல நாமம்தான்."

"யோகமா?" என்றார் தீர்த்தகிரி.

"அவங்க அப்பிடித்தான் பேசுவாங்க."

"இவங்க வரணும்னு வேண்டிக்கிறாங்களா, வரக்கூடாதுன்னு வேண்டிக்கிறாங்களா?"

மாதம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "வரணும்னுதான். ஆனா நம்ம நெலத்துல விழணும்னு யாரும் வேண்டல."

"பின்ன எங்க விழணுமாம்? ரோட்டுலயா?"

மாதம்மாள் போனின் சத்தத்தைக் குறைத்தாள்.

"அவனுக்குப் போடு," என்றார் தீர்த்தகிரி. "ஹரீஷுக்கு."

ஹரீஷ்குமார் உடனே எடுத்தான். ஊருக்கு வடக்கே இருக்கிற பாறைமேட்டில் நின்றுகொண்டிருந்தான். அங்கிருந்து பார்த்தால் கர்நாடகப் பக்கத்து வானம் முழுசாகத் தெரியும் என்பதால் மழை அளக்கிற வெள்ளைக் குழாய் ஒன்றை அங்கேதான் நட்டு வைத்திருந்தான். பின்னால் காற்று இரைந்தது.

"ஏன்டா, அறுவதுன்னா என்னாடா அர்த்தம்?"

"இந்த மாதிரி மேகம் நூறு தடவ கட்டினா, அறுவது தடவ கல்லு விழும் பெரியப்பா."

"நான் கேக்கறது இந்தத் தடவய."

"இந்தத் தடவதான் அறுவது."

"இந்தத் தடவ ஒரே தடவதானடா. அதுல அறுவது எங்கருந்து வந்துச்சு?"

ஹரீஷ்குமார் சிரித்தான். அவன் சிரித்தது தீர்த்தகிரிக்குப் பிடிக்கவில்லை.

"வலைய விடறதா சுருட்டறதா? அத மட்டும் சொல்லு."

"அத நான் எப்பிடி பெரியப்பா சொல்றது? நாங்க வானத்த மட்டும்தான் சொல்லுவோம். கீழ நடக்கறது உங்க இஷ்டம்."

தீர்த்தகிரி போனை மனைவி கையில் கொடுத்துவிட்டு நிலத்துக்கு நடந்தார். கீழே நடப்பதைச் சொல்லாதவன் மேலே நடப்பதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அவருக்குப் புரியவில்லை. மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவர். நாலாவதற்கு வேறு வாத்தியார் வந்தார், அவர் முகம் பிடிக்கவில்லை, நின்றுவிட்டார். நூற்றுக்கு இத்தனை என்கிற கணக்கு ஒருவேளை நாலாவதில் சொல்லிக் கொடுத்திருப்பார்களோ என்னவோ.

வரப்பில் முனீர் அகமது நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயசு. அந்தக் கல்மழைக்குப் பிறகு குடமிளகாயை விட்டுவிட்டு பீட்ரூட்டுக்கு மாறிவிட்டவர். மண்ணுக்குள் இருப்பதைக் கல் என்ன செய்யும் என்பது அவர் கட்சி.

"என்னா மாமா, சுருட்டப் போறீங்களா?"

"நீ என்னா சொல்ற முனீரு?"

"நான் சொல்லி நீங்க என்னிக்குக் கேட்டீங்க?"

"கேக்கறேன் சொல்லு."

"சுருட்டாதீங்க," என்றார் முனீர் அகமது. பிறகு மேற்கே பார்த்தார். "சுருட்டிடலாமோன்னும் இருக்குது."

அதற்குள் மாதம்மாளும் போனோடு வந்து சேர்ந்தாள். முகத்தில் நிம்மதியும் ஏமாற்றமும் ஒன்றாக இருந்தன.

"அம்பதுக்கு எறங்கிடுச்சு. மேகம் ரெண்டாப் பிரியுதாம். ஒண்ணு பாகலூருக்கு, ஒண்ணு தேன்கனிக்கோட்டைக்கு. நடுவுல நம்ம."

தீர்த்தகிரி வலையை அண்ணாந்து பார்த்தார். மேற்குக் கடைசியிலிருந்து கிழக்குக் கடைசி வரை எட்டுப் பட்டை. பட்டைக்குப் பட்டை கயிற்றால் தைத்திருந்தது. பட்டைகளை விரல் நீட்டி எண்ணினார்.

"நாலு பட்டைய சுருட்டு," என்றார்.

"எதுக்கு நாலு?"

"அம்பதுன்னு சொல்றாங்க இல்ல? எட்டுல பாதி நாலு."

முனீர் அகமது துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "மாமா, அம்பதுன்னா பாதி நெலத்துல விழும்னு அர்த்தம் இல்ல."

"பின்ன என்னா அர்த்தம்?"

"அது வேற."

"வேறன்னா என்னான்னு சொல்லு. கேட்டுக்கறேன்."

முனீர் அகமது வாயைத் திறந்தார், மூடினார். "எனக்குத் தெரியாது. ஆனா அது இல்ல."

"தெரியலன்னா வாய மூடிக்கினு அந்தக் கயித்த அவுரு."

மேற்குப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்கள். முனீர் அகமது ஏணியில் ஏறி முடிச்சை அவிழ்க்க, தீர்த்தகிரி இழுக்க, மாதம்மாள் சுருட்டினாள். இடையிடையே போனை எடுத்துப் பார்த்தாள். நாற்பத்தைந்து என்றாள். பிறகு ஐம்பத்தைந்து என்றாள். கையிலிருந்த வலையை விட்டுவிட்டு தீர்த்தகிரி அவளைப் பார்த்தார்.

"ஏமே, ஒரே நம்பர்ல நிக்கச் சொல்லு. எனக்கு கால் பட்டையெல்லாம் சுருட்ட முடியாது."

நாலாவது பட்டை சுருண்டபோது மணி நாலே கால். காற்று நின்றுவிட்டது. பாதி நிலம் வானத்துக்குத் திறந்து கிடந்தது, பாதி நிலம் பச்சை நிழலுக்குள் இருந்தது. பார்க்க, பாதி தலை சிரைத்த ஆள் மாதிரி இருந்தது. முனீர் அகமது அதைச் சொல்ல வந்தார், மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கிழக்கே இன்னும் வெயில் தெரிந்தது. சுருட்டியதைத் திரும்ப விரித்துவிடலாமா என்று தீர்த்தகிரிக்குத் தோன்றியது. வாயெடுத்தார். முதல் கல் முனீர் அகமதின் ஏணியில் விழுந்து தெறித்தது.

மூன்று பேரும் வலைக்குக் கீழே ஓடினார்கள். பிறகு பேச்சே கேட்கவில்லை. திறந்த பாதியில் கல் நேராக விழுந்தது. இலை கிழிகிற சத்தம் ஒரு பக்கம், காய் அடிபடுகிற சத்தம் ஒரு பக்கம். இரண்டும் வேறு வேறாகத் தெரிந்தன. மூடிய பாதியில் கல் வலைமேல் உருண்டு உருண்டு தாழ்வான இடங்களில் சேர்ந்தது. வலை இறங்க ஆரம்பித்தது. தீர்த்தகிரி ஒரு மூங்கிலை எடுத்து அடியிலிருந்து இடித்தார். முனீர் அகமது ஏணியைக் கொண்டுவந்து ஏணியாலேயே இடித்தார். மாதம்மாளுக்கு விளக்குமாறுதான் கிடைத்தது. இடிக்க இடிக்கக் கல் ஓரமாகக் கொட்டியது. கொட்டக் கொட்ட மேலே சேர்ந்தது. ஓரத்தில் கொட்டிய கல்லில் ஒன்று தீர்த்தகிரியின் உச்சந்தலையில் பட்டது. கிழக்கு மூலையில் ஒரு கம்பி அறுந்து சுருண்டது. அங்கிருந்த கல்தூண் குடித்தவன் மாதிரி மெதுவாகச் சாய்ந்து பாதியில் நின்றது.

பத்து நிமிஷம் இருக்கும். பிறகு நின்றுவிட்டது. கால் வைக்கிற இடமெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. பெரும்பாலும் சுண்டைக்காய் அளவு, நடுவில் அங்கங்கே நெல்லிக்காய். மண்ணிலிருந்து ஆவி கிளம்பியது.

தீர்த்தகிரி வரிசை வரிசையாக நடந்தார். திறந்த பாதியில் இலைகள் நாராகத் தொங்கின. காய்களில் பள்ளம் விழுந்திருந்தது, ஆனால் எல்லாக் காயிலும் இல்லை. கீழ்க்கிளைக் காய்கள் தப்பியிருந்தன. மூடிய பாதியில் செடிகள் நன்றாகவே இருந்தன, சாய்ந்த தூணுக்குக் கீழே இரண்டு வரிசை தவிர. அந்த இரண்டு வரிசை நசுங்கி மண்ணோடு ஒட்டிவிட்டது. இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனார். திரும்பி வந்தார்.

எட்டையும் விட்டிருந்தால் எட்டும் தாங்கியிருக்குமோ? இல்லை, எட்டுப் பட்டைக் கனத்தில் தூண்களெல்லாம் சாய்ந்திருக்குமோ? எட்டையும் சுருட்டியிருந்தால் மூடிய பாதியும் நாராகியிருக்கும். ஆனால் தூண் நின்றிருக்கும். அவர் செய்தது சரியா, பாதி சரியா, முழுத் தப்பா? யாரைக் கேட்பது? பாகலூர்க்காரரைக் கேட்டால் ஒன்று சொல்வார், முனீரைக் கேட்டால் ஒன்று சொல்வார். முனீரோ அதற்குள் தன் பீட்ரூட் இலைகளைப் பார்க்க ஓடிவிட்டார்.

"ஏங்க, இங்க வாங்க. ஹரீஷு பேசறான்," என்று மாதம்மாள் கூப்பிட்டாள். போனை அவர் காதுக்கு நேராக நீட்டினாள். குரூப்பில் அவன் எல்லாருக்கும் பேசி அனுப்பியது.

"நண்பர்களே, தொரப்பள்ளி தப்பிச்சிடுச்சு. கல் இல்ல. வெறும் மழதான், பதினோரு மில்லிமீட்டர். மேட்டுல நின்னு நேர்ல பாத்தேன். இன்னிக்கும் நமக்கு ஏமாத்தம்தான். ஆனா பின்னால இன்னொண்ணு..."

போன் அணைந்துவிட்டது. மாதம்மாள் அதைத் தட்டினாள், துடைத்தாள், அழுத்தினாள். "சார்ஜு தீந்துபோச்சு. காலைல இருந்து இதயே பாத்துக்கினு இருந்தேன் இல்ல."

தீர்த்தகிரி குனிந்து தன் காலைப் பார்த்தார். வெறுங்கால். கணுக்கால் வரை ஐஸ்.

தலைத்துண்டை அவிழ்த்து, பெரிதாகத் தெரிந்த கல்லையெல்லாம் பொறுக்கிப் போட்டு முடிச்சுப் போட்டார். மொபெட்டை எடுத்தார். பாறைமேடு நேராகப் பார்த்தால் பக்கம், பாதையில் போனால் ஏரியைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர். மழையில் மண்பாதை குழைந்து கிடந்தது. பாதி வழியில் சக்கரத்தில் மண் அடைத்துக்கொண்டது. குச்சியால் நோண்டிவிட்டு, பிறகு மேட்டு அடிவாரம் வரை தள்ளிக்கொண்டே போனார். வெயில் வேறு வந்துவிட்டது.

மேட்டின்மேல் ஹரீஷ்குமாரின் கார் நின்றது. பக்கத்தில் ஒரு பெண் எவர்சில்வர் டிபன் டப்பாவோடு நின்றிருந்தாள். பிரியதர்ஷினி. வள்ளியூர்ப் பக்கத்துப் பெண், ஹரீஷ்குமாரின் கம்பெனியில்தான் வேலை. பிறந்து இத்தனை வருஷத்தில் கல்மழையைப் பார்த்ததே இல்லை என்று மூன்று கோடையாக இவனோடு அலைகிறாள். ஒரே ஒரு கல் கிடைத்தால் டப்பாவில் போட்டுக்கொண்டுபோய் பிரிட்ஜில் வைக்க வேண்டும் என்று ஆசை.

"யாரு, தாத்தாவா? என்ன இப்படி நனைஞ்சு வந்திருக்கீய?" என்றாள்.

தீர்த்தகிரி நேராக ஹரீஷ்குமாரிடம் போனார். "கல்லு இல்லன்னு போட்டியாமே?"

"ஆமா பெரியப்பா. இங்க ஒரு கல்லுகூட விழல. குழாயப் பாருங்க, வெறும் தண்ணி."

"அங்க விழுந்துச்சு."

"எங்க?"

"என் நெலத்துல. என் தலைல. இந்தா," என்று துண்டின் முடிச்சை அவிழ்த்தார்.

துண்டு நனைந்திருந்தது. அவ்வளவுதான். விரித்தார், உதறினார், மடிப்பு மடிப்பாகப் பார்த்தார். ஒரு மடிப்பில் கடுகளவு ஏதோ மின்னியது. ஹரீஷ்குமார் போனை எடுத்து, கேமராவைத் திறந்து, பக்கத்தில் கொண்டுவந்தான். அதற்குள் அதுவும் தண்ணீராகிவிட்டது.

பிரியதர்ஷினி துண்டைத் தொட்டுப் பார்த்தாள். "சில்லுன்னுதான் இருக்கு," என்றாள்.

"மழத் தண்ணியும் சில்லுன்னுதான் இருக்கும்," என்றான் ஹரீஷ்குமார். பிறகு பெரியப்பாவின் முகத்தைப் பார்த்து, "நான் நம்பறேன் பெரியப்பா. ஆனா நான் நம்பறது வேற, குரூப்புல ஏத்தறது வேற. போட்டோ வேணும். இல்லன்னா மெம்பர் யாராச்சும் சொல்லணும்."

"உங்க பெரிம்மா மெம்பர்தானே?"

"அவங்க ஒண்ணும் அனுப்பலியே."

"போன்ல சார்ஜு இல்ல."

"எப்பிடித் தீந்துச்சு?"

"உங்க செவப்பயும் நம்பரையும் பாத்துப் பாத்துத்தான் தீந்துச்சு."

ஹரீஷ்குமாரின் போன் விடாமல் சிணுங்கிக்கொண்டிருந்தது. அவன் ஒன்றைத் தட்டினான். அத்திப்பள்ளி தௌசிப்பின் குரல். "தொரப்பள்ளில ஏன் விழலன்னா மச்சா, கெழக்கு காத்து. அந்தக் காத்து ஏரித் தண்ணிமேல அடிச்சு, கல்ல ஆகாசத்துலயே கரைச்சிடுச்சு. கிளியர் கேஸ்." அதற்குக் கீழே முப்பது பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். வேப்பனப்பள்ளிக்காரர் ஒருவர் மட்டும் காரணம் காற்று இல்லை, சூடு என்று நீளமாக எழுதியிருந்தார்.

விழுந்தது ஏன் விழவில்லை என்று அவர்கள் சொல்லச் சொல்ல தீர்த்தகிரி கேட்டுக்கொண்டு நின்றார். அவர்கள் சொல்வதில் கோளாறு எங்கே இருக்கிறது என்று அவரால் காட்ட முடியவில்லை. கை தானாக உச்சந்தலைக்குப் போனது. புடைப்பு இருந்தது. இருக்கத்தான் செய்தது.

"வேணும்னா ஒண்ணு பண்றேன்," என்றான் ஹரீஷ்குமார். "தொரப்பள்ளி நெலப் பக்கம், கல் விழுந்ததாத் தகவல், இன்னும் உறுதி ஆகலன்னு போடறேன்."

"எது உறுதி ஆகல? கல்லா, நானா?"

"கோவப்படாதீங்க பெரியப்பா."

"நேர்ல வந்து பாருடா. ரெண்டு வரிச மண்ணோட கெடக்குது."

ஹரீஷ்குமார் மேற்கே பார்த்தான். அங்கே மறுபடியும் ஒன்று கறுத்து வந்தது. "வரேன். கட்டாயம் வரேன். இது முடியட்டும். இப்ப எறங்கினா இதையும் விட்டுடுவோம்."

பிரியதர்ஷினி தயங்கினாள். "தாத்தா, இப்போ வந்தா ஏதாச்சும் மிச்சம் கெடக்குமா?"

"வெயிலு அடிச்சிடுச்சும்மா. நீ வர்றதுக்குள்ள கரைஞ்சிடும்."

அவள் டப்பாவின் மூடியைத் திறந்து மூடினாள். பிறகு அவளும் மேற்கே பார்த்து நின்றுவிட்டாள்.

தீர்த்தகிரி துண்டைப் பிழிந்து தோளில் போட்டார். "சரி, அது கெடக்கட்டும். விழுந்துச்சு, விழல, என்னாத்தயோ போட்டுக்கோ. இப்ப வர்றானே, இவனுக்கு நான் என்னா பண்ணணும்? மிச்சம் இருக்கற நாலு பட்டையயும் சுருட்டறதா, சுருட்டின நாலையும் விரிக்கறதா? ஒரு தூணு வேற சாய்ஞ்சு நிக்குது. இன்னொரு தடவ அதே கனம் ஏறினா வரிச மொத்தமும் போயிடும்."

"இப்பவும் அம்பதுதான் பெரியப்பா."

"மறுபடியும் அம்பதா?"

"ஆமா. போன தடவையும் அம்பது பக்கம்தான சொன்னோம். விழல. கரெக்டா இருந்துச்சு பாத்தீங்களா?"

"விழுந்துச்சுடா."

"விழுந்திருந்தாலும் கரெக்டுதான்."

தீர்த்தகிரி அவனைப் பார்த்தார். கேலி செய்கிறானா என்று பார்த்தார். இல்லை, உண்மையாகத்தான் சொன்னான். அவன் கண்ணில் கள்ளம் எதுவும் இல்லை. அந்தப் பெண்ணும் தலையாட்டினாள். விழுந்தாலும் சரி, விழாவிட்டாலும் சரி என்கிற ஒரு பேச்சை இரண்டு படித்த பிள்ளைகள் பட்டப்பகலில் நின்றுகொண்டு சொல்கிறார்கள். அதை இருநூறு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மேட்டிலிருந்து இறங்கத் தொடங்கினார். ஹரீஷ்குமார் பின்னாலிருந்து குரல் கொடுத்தான்.

"பெரியப்பா, மேகம் தெற்கால சாயுது. அம்பத்தஞ்சு ஆயிடுச்சு."

திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு தரம் மேற்கே பார்த்தார். மத்தியானம் பார்த்த அதே கறுப்பு. அதிலிருந்தும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எட்டில் ஐம்பத்தைந்து எத்தனை பட்டை என்று மனசு தானாகக் கணக்குப் போட ஆரம்பித்தது, அதைத் திட்டி நிறுத்தினார். வலை எப்படியோ போகட்டும். சாய்ந்த தூணுக்கு முட்டுக் கொடுத்து, அறுந்த கம்பியை இழுத்துக் கட்டியாக வேண்டும். அது எந்த மழைக்கும் செய்ய வேண்டிய வேலை. முனீர் இருந்தால் ஏணியைப் பிடிப்பான்.

அடிவாரத்தில் மொபெட்டின் சக்கரத்தில் மண் காய ஆரம்பித்திருந்தது. இனி நோண்டிக்கொண்டிருக்க நேரமில்லை. அதை அங்கேயே மரத்தில் சாய்த்துவிட்டு ஏரிக்கரையோடு நடந்தார். மேலே அவர்கள் இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டும், அதே வானத்தைப் போனில் பார்த்துக்கொண்டும் நின்றார்கள். தோளில் கிடந்த துண்டிலிருந்து தண்ணீர் முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது.

"வெறும் மழயாம்," என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.